நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம் வீட்டில் பரணைக் காலி செய்தோம். பழைய போட்டோ கவர் ஒன்றை அப்பா என்னவென்று பார்க்காமலே குப்பைப் பையில் போட, பாய்ந்து எடுத்தேன். உள்ளே அவர்களுடைய கல்யாண நெகட்டிவ்!

ஆல்பம்? அது 2015 டிசம்பர் வெள்ளத்தோடு சரி. அடையாறு கரை தாண்டி எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் தெருவுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. காயவைத்துப் பிரித்தால், ஒரு பக்கத்து முகம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அம்மா அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"பேய் மாதிரி இருக்கு, இது எதுக்குடா?" என்றார் அப்பா. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். (காமர்ஸ்காரனுக்கு எதற்கு கெமிஸ்ட்ரி என்று கேட்கக் கூடாது.)

ஃபிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் ஜெலட்டின் பூச்சு, பூச்சுக்குள் வெள்ளி ஹாலைடு துகள்கள். ஷட்டர் திறக்கும் கணத்தில், ஒளி பட்ட துகளில் ஒரு சில வெள்ளி அணுக்கள் உருவாகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டெவலப்பரில் போட்டால் அந்தத் துகள் முழுவதும் கருப்பு வெள்ளியாகிவிடும். ஒளி படாததை ஹைப்போ கரைத்துவிடும். அதனால்தான் வெளிச்சம் கருப்பாகவும் கூந்தல் வெளிறியும் தெரிகிறது. கலர் ஃபிலிமில் இதே வேலை மூன்று அடுக்குகளில் நடக்கும். கூடவே சாயமும் உண்டாகும். கடைசியில் வெள்ளியை நீக்கிவிடுவார்கள், சாயம் மட்டும் நிற்கும்.

ஆக, மண்டபத்தில் அம்மா முகத்திலிருந்து கிளம்பிய வெளிச்சம் நேராக வந்து விழுந்தது இந்தப் பட்டையில்தான். ஆல்பம் அதன் நகல். நகலுக்கு வெல்வெட் அட்டை, ஒரிஜினலுக்குக் குப்பைப் பையா?

எங்கள் வீட்டை மட்டும் சொல்வானேன்! 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. பழைய படச்சுருள்கள் பலவற்றை வெள்ளிக்காகவே கழுவி விற்றிருக்கிறார்கள். எங்கள் அக்கவுண்டன்ஸி பாஷையில் 'ஸ்கிராப் வேல்யூ'.

நிற்க. பரணிலும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே அடிக்கிற சூட்டுக்குச் சாயம் வெளிறும். ஈரமில்லாத, சூடில்லாத அலமாரி போதும். ஸ்கேன் எடுத்தாலும் நெகட்டிவை வைத்திருங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டா போகிறது?

அன்று ராத்திரியே கம்ப்யூட்டர் திரையை வெள்ளையாக்கி, நெகட்டிவைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, போனில் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினேன். முதலில் வந்தது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த தாத்தா. அவர் சிரிக்கிற படம் வேறு எதுவும் எங்களிடம் இல்லை.