கிள்ளானில் நின்ற கப்பல் சொல்லும் பாடம்

உல்லாசக் கப்பல் என்றதும் நீச்சல்குளமும் விருந்தும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கப்பலுக்கு வயதாகிவிட்டால் அது எங்கே போகிறது, யார் அதை உடைக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. 2005ஆம் ஆண்டு கிள்ளான் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்ட ஒரு கப்பலின் கதை அந்தக் கேள்வியை எழுப்புகிறது.

அதன் முதல் பெயர் 'பிரான்ஸ்'. 1962இல் லெ ஹாவ்ர் - நியூயார்க் சேவையைத் தொடங்கியது. 316 மீட்டர் நீளம் கொண்ட அதுவே, 2004இல் 'குயின் மேரி 2' சேவைக்கு வரும்வரை உலகின் ஆக நீளமான பயணிகள் கப்பல்.

ஆனால், பயணிகள் ஜெட் விமானங்களுக்கு மாறினர். 1973இல் எண்ணெய் விலையும் எகிறியது. மறு ஆண்டு பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியது. ஊழியர்கள் கப்பலைக் கைப்பற்றிப் போராடியும் பலனில்லை.

1979இல் நார்வே நிறுவனம் ஒன்று 18 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. உல்லாசப் பயணத்துக்கு வேகம் தேவையில்லை என்பதால், ஓர் இயந்திர அறை மூடப்பட்டது. நான்கு உந்துவிசிறிகள் இரண்டாயின. 'நார்வே' என்ற பெயரில் 1980 முதல் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் சென்றது. பிரம்மாண்ட உல்லாசக் கப்பல்களுக்கு அது வழிகாட்டியது.

2003 மே 25ஆம் தேதி மயாமியில் அதன் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்கள் மாண்டனர். அப்போது அந்த நிறுவனம் மலேசியாவின் கெந்திங் குழுமத்தைச் சேர்ந்த ஸ்டார் குரூசஸ் வசம் இருந்தது. ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்ட கப்பல், ஆசியாவில் மீண்டும் பயன்படுத்தப்படும் என்ற பேச்சுடன் கிள்ளான் வந்தது. 2006இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது.

அதற்குள் ஆயிரம் டன்னுக்கும் மேல் கல்நார் இருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் அதை ஐரோப்பாவில் அகற்றுவது பெருஞ்செலவு. தெற்காசியக் கடற்கரையிலோ, பழைய இரும்புக்காகக் கப்பலுக்கே விலை கிடைக்கும். பங்களாதேஷ் அனுமதிக்க மறுத்தது. 'புளூ லேடி' என்ற புதுப் பெயருடன் குஜராத்தின் அலாங் கரையில் ஏற்றப்பட்டது. 2007 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்ததும் உடைக்கப்பட்டது.

லாபம் பல கைகள் மாறியது. நச்சு மட்டும் கடைசியில் கூலித் தொழிலாளர்களிடம் சேர்ந்தது.

2025 ஜூன் 26ஆம் தேதி நடப்புக்கு வந்த ஹாங்காங் ஒப்பந்தம் இதை ஓரளவு மாற்றலாம். கப்பலில் உள்ள அபாயப் பொருள்களின் பட்டியலை உரிமையாளர் வைத்திருக்க வேண்டும். ஆனால், கப்பலைக் கரையில் ஏற்றி உடைப்பதை ஒப்பந்தம் தடை செய்யவில்லை. கடைசி நேரத்தில் பெயரையும் கொடியையும் மாற்றும் வழக்கமும் நீடிக்கிறது.

கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ உல்லாசக் கப்பல் ஏறுவோர் நம்மிலும் பலர். கப்பலை உடைக்கும் செலவை, அதில் சம்பாதித்தவர்களே ஏற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.