வால்ட்டரின் நகரம்

தோற்றுப்போன ஒரு ஜெர்மன் அதிகாரி சரயேவோவை விட்டுக் கிளம்புகிறான். வால்ட்டர் என்ற கெரில்லாத் தலைவனைப் பிடிக்க வந்தவன். கடைசிவரை அகப்படாத அவன் யார் என்பது இப்போதுதான் புரிந்தது என்கிறான். மலைமேல் நின்று, கீழே விரிந்து கிடக்கும் நகரத்தைக் காட்டுகிறான். அதுதான் வால்ட்டராம்.

'வால்ட்டர் சரயேவோவைக் காக்கிறான்' என்ற இந்த யூகோஸ்லாவியப் படம் 1972இல் வந்தது. வால்ட்டராக நடித்தவர் செர்பியரான வெலிமிர் ஷிவோயினோவிச். செல்லப் பெயர் 'பாட்டா'. நமக்குச் செருப்புக் கடைதான் ஞாபகம் வரும். அங்கே சகோதரனைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. சீனாவில் இந்தப் படத்தைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர் படத்தைப் போட்டு 'வால்ட்டர்' பீரே விற்றார்கள்.

தடித்த உடம்பு, பேசாமலே மிரட்டும் முகம். சுமார் 300 படங்கள். ஆஸ்கர் பரிந்துரை பெற்ற 'மூன்று' (1965), 'நெரெத்வா யுத்தம்' (1969) இரண்டிலும் இருக்கிறார். டிட்டோவின் நாட்டில் பார்ட்டிசான் வீரன் என்றாலே ஜனங்களுக்கு இவர் முகம்தான்.

அந்த நாடு உடைந்தது. 1992 ஏப்ரலில் சரயேவோவைச் சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகள் ஏறின. இந்த முறை அவை போஸ்னிய செர்பியர்களுடையவை. ஏறத்தாழ நான்கு வருட முற்றுகையில் 10,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வால்ட்டர் படத்தை இயக்கிய ஹைருதின் க்ர்வாவாட்ஸ் 1992 ஜூலையில், முற்றுகைக்குள், அதே ஊரில் காலமானார். அவருடைய கதாநாயகனோ பெல்கிரேடில், மிலோஷெவிச்சின் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தார். அந்தக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். போஸ்னிய செர்பியப் படைக்குப் பணமும் ஆயுதமும் போனது அந்த பெல்கிரேடிலிருந்துதான்.

சுலபமாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன், 1996இல் வந்த 'அழகிய கிராமங்கள் அழகாய் எரிகின்றன' படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். ஸ்ர்ஜான் டிராகோயெவிச் இயக்கிய படம். போஸ்னியப் போரில் ஒரு சுரங்கப்பாதைக்குள் சிக்கிக்கொண்ட செர்பிய வீரர்களின் கதை. சுரங்கத்தின் பெயர் 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்'. பாட்டா அதில் க்வோஸ்தென் என்ற பழைய ராணுவ அதிகாரி. டிட்டோவின் இறுதிச் சடங்குக்கு நடந்தே போனவர். இன்று எந்த நாட்டுக்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரியாத மனிதர். பழைய படங்களின் கம்பீரம் துளியும் இல்லை. களைத்துப்போன முகம், கூச்சப்படும் கண்கள். வால்ட்டருக்கு வயதாகி, வழி தவறி அந்தச் சுரங்கத்துக்குள் வந்துவிட்டது போல இருக்கிறது. அவர் நடித்ததில் சிறந்தது இதுதான் என்பேன். தன் கட்சியைப் பற்றி மேடையில் சொல்லாததை இங்கே முகத்தால் சொன்னாரா, அல்லது வெறும் தொழில் திறமைதானா?

2002இல் செர்பிய ஜனாதிபதி தேர்தலில் அதே கட்சி அவரை நிறுத்தியது. ஹேக் நகரில் விசாரணைக் கைதியாக இருந்த மிலோஷெவிச், சொந்தக் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு ஷெஷெலை ஆதரித்தார். பாட்டாவுக்குக் கிடைத்தது சுமார் மூன்று சதவீத ஓட்டு.

2016 மே மாதம் பெல்கிரேடில் இறந்தார். வயது 82.