நோய்க்காலத்தில் நூலகம்: சேவை தொடர்ந்தது எனல் தகுமா?

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றுப் பரவியபோது உலகின் பெரும்பாலான நாடுகளிற் பொது நூலகங்கள் மூடப்பட்டன. மூடியது குற்றமன்று. நோயின் இயல்பே தெளிவாக அறியப்படாத அவ்வாரங்களில் வாசகரையும் ஊழியரையும் ஓரறையில் இருத்துவது மடமையாகியிருக்கும். மறுக்கப்படவேண்டியது அதன்பின் எழுந்த ஒரு கூற்றேயாகும். கட்டடம் மூடப்பட்டதேயன்றிச் சேவை மூடப்படவில்லை. மின்னூல்களும் இணையவழி நிகழ்ச்சிகளும் அதனை ஈடுசெய்துவிட்டன என்பர். யாருக்குச் சேவை தொடர்ந்தது என்ற வினாவை இவ்வாறு உரைப்போர் எழுப்புவதேயில்லை.

கருவியும் இணைய இணைப்பும் வீட்டில் உடையோருக்கு அது தொடர்ந்தது என்பது உண்மையே. அவர்கள் நூலகமின்றியும் வாசித்திருப்பர். நாளிதழை விலைகொடுத்து வாங்க இயலாத முதியவருக்கும், நெருக்கடி மிக்க வீட்டிலிருந்து உசாத்துணைப் பகுதியின் மேசையை நாடிவந்த பரீட்சார்த்திக்கும் மூடிய கதவு மூடிய கதவாகவே இருந்தது. 2021இல் இலங்கையின் மலைக்கிராமமொன்றில் மாணவர்கள் இணையச் சமிக்ஞை தேடிக் காட்டுப்பாறையில் ஏறியிருந்து பாடம் பயின்றனர். அவர்களுக்கு மின்னூலகத்தின் பெருமையை எடுத்துரைப்பது பசித்தவனுக்குப் பாகசாத்திரம் ஓதுவதை ஒக்கும்.

மேலும், மின்னூல் நூலகத்தின் உடைமையுமன்று. அச்சுநூலை ஒருமுறை வாங்கிய நூலகம் அது கிழிந்து சிதையும்வரை இரவல் வழங்கலாம். மின்னூலுக்கோ பதிப்பகம் விதிக்கும் நிபந்தனையின்படி உரிமம் மட்டுமே கிடைக்கும். ஹார்ப்பர் கொலின்ஸ் நிறுவனம் 2011இல் ஓர் உரிமத்துக்கு 26 இரவல்களே என வரையறுத்தது. மக்மில்லன் நிறுவனம் 2019 நவம்பர் முதல், புதிய மின்னூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்பு ஒரு பிரதியே பெறலாம் எனக் கட்டுப்படுத்தி, நூலகங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த 2020 மார்ச்சிலேயே அதனைக் கைவிட்டது. வணிக நிறுவனமொன்றின் மனமாற்றத்தில் தங்கியிருக்கும் ஏற்பாட்டைப் பொதுச்சேவையின் அடித்தளமெனக் கொள்வது எங்ஙனம்?

புத்தகமே நோயைக் காவாதா என வினவுவோர் உளர். அவ்வச்சம் பழையது, பிரித்தானியாவில் 1907ஆம் ஆண்டுச் சட்டமொன்று தொற்றுநோயாளர் பொது நூலகங்களில் நூல் பெறுவதையே தடைசெய்திருந்தது. ஆயின் 2020இல் அச்சத்தை அளந்தறிய வழியிருந்தது. அமெரிக்காவில் ஓசிஎல்சி நிறுவனமும் பற்றெல் ஆய்வுகூடமும் நூலகப் பொருள்களைச் சோதித்தபோது, தனித்தனியே வைக்கப்பட்ட நூல்களில் மூன்று நாள்களின் பின் வைரசு கண்டறியப்படவில்லை. ஒன்றன்மேலொன்றாக அடுக்கியவற்றில் ஆறு நாள்களின் பின்னரும் காணப்பட்டது. திரும்பிவரும் நூல்களை அடுக்காது பரப்பிவைக்க ஓர் அறை போதும் என்பதே இதன் பொருள். தொட்ட பொருள்வழித் தொற்றுவது அரிது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

கதவைத் திறவாமலே வாசலைப் பயன்படுத்தியோர் இல்லாமலில்லை. நியூயோர்க் பொது நூலகம் 2020 யூலை 13 முதற் சில கிளைகளில், முன்பதிவு செய்த நூலை வாசலிற் பெற்றுச்செல்லும் முறையை ஆரம்பித்தது. அமெரிக்க நூலகங்கள் பல, வாகனத் தரிப்பிடத்தில் இருந்தோரும் பயன்படுத்துமாறு கம்பியில்லா இணைய இணைப்பை நிறுத்தாது விட்டன. சன் பிரான்சிஸ்கோவில் நூலகர்கள் நோய்த்தொடர்பு கண்டறியும் பணிக்கு அனுப்பப்பட்டனர். அது போற்றத்தக்க தொண்டுதான். ஆயினும் நூலகச் சேவையன்று.

இலங்கையில் 2020 மார்ச் 20இல் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபின் மரக்கறியும் மீனும் வாகனங்களில் வீதி வீதியாகக் கொண்டுசெல்லப்பட்டன. வயிற்றுக்கு வழி தேடியது முறையே. அத்தியாவசிய சேவைகளின் பட்டியலில் மட்டும் நூலகத்துக்கு இடமிருக்கவில்லை. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டு ஒக்டோபரில் நடைபெற்றது. எழுதக் காத்திருந்தோரின் மாதங்கள் பல நீண்டன, அவர்களது உசாத்துணை நூல்களோ பூட்டிய அலுமாரிகளில் இருந்தன. பொது நூலகங்களை நடத்தும் உள்ளூராட்சி சபைகளிடமே வாகனங்களும் சுகாதாரப் பணியாளரும் உண்டு. சில சபைகளிடம் நடமாடும் நூலக வண்டிகளும் உண்டு. ஆகவே வசதியில்லை எனல் பொருந்தாது. அடுத்த தொற்று வருமுன், எந்த வாசலில், எந்நாளில், யார் நூல் வழங்குவார், திரும்பிய நூல்கள் எவ்வறையில் எத்தனை நாள் கிடக்கும், நூலகத்துக்கு வர இயலாதோரின் தெருவுக்கு வண்டி என்று செல்லும் என்பவற்றை ஒவ்வொரு சபையும் எழுத்தில் வைத்து நூலக வாசலிலேயே ஒட்டவேண்டும்.