லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். அதன் பிறகு, ஸ்லோவாக இருக்கும் எந்தப் பழைய லேப்டாப்பைப் பார்த்தாலும், "இது இனி தேறாது, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிடுவது சுலபமாகிவிட்டது.

ஆனால், இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ஆதரவு முடிந்தால் பாதுகாப்பு அப்டேட்கள் நிற்கும். அதனால் வேகம் குறையாது. வேகம் குறைய பல நேரங்களில் காரணம், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ்தான்.

யார் அந்த ஆள்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் எதுவுமே செய்யாதபோதும் 'டிஸ்க்' 100 சதவிகிதத்தில் நிற்கிறதா? அந்தத் தலைப்பை க்ளிக் செய்தால், அதிகம் இழுப்பது எதுவோ அது மேலே வரும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

சிஸ்மெயின்: விஸ்டா காலத்தில் இதன் பெயர் சூப்பர்ஃபெட்ச். நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைக் கவனித்து, அவற்றை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால், பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கம்ப்யூட்டரில் அதுவே டிஸ்க்கை திணறடித்துவிடலாம்.

சர்ச் இண்டெக்ஸர்: ஃபைல்களைச் சீக்கிரம் தேடித்தர பட்டியல் போடும் வேலை இதனுடையது. நிறைய போட்டோக்களை காப்பி செய்த பிறகு மும்முரமாக ஓடும், முடிந்ததும் அடங்கிவிடும்.

ஆன்டிமால்வேர் சர்வீஸ்: இது விண்டோஸ் டிஃபெண்டர். ஸ்கேன் நடக்கும்போது வேகம் குறைவது இயல்பு.

என்ன செய்யலாம்?

முதலில் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். பாக்கி வேலையை முடித்துவிட்டு அதுவே அமைதியாகிவிடக்கூடும். அப்படியும் சரியாகவில்லை, சிஸ்மெயின்தான் மேலே நிற்கிறது என்றால், ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடி, அதில் சிஸ்மெயினை 'ஸ்டாப்' செய்து ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் 'டிஸேபிள்' செய்யலாம். தெரியாவிட்டால், பழையபடி ஆன் செய்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக நிறுத்தினால், எதனால் சரியானது என்றே தெரியாது.

இதில் மட்டும் கை வைக்காதீங்க!

வேகத்துக்காக டிஃபெண்டரையும் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வான்னாக்ரை' ரான்சம்வேர், பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. நெட் பேங்கிங் செய்யும் லேப்டாப்பில் அந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம்.

செலவு செய்வதென்றால்..?

டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் உங்களுடையது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றால், அதை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றினாலே கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிடும். புது லேப்டாப் விலையோடு ஒப்பிட்டால் இது சின்ன செலவு.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இல்லாதவர்கள், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால், 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அந்த அவகாசத்தில் காசு சேர்த்து, நிதானமாக விசாரித்து வாங்கலாம். யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக இன்றே இ.எம்.ஐ போட வேண்டியதில்லை.