அழகு மட்டும் பார்த்தால் போதுமா?

போன வருஷம் ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். திரும்பும்போது லண்டன் ரயிலைப் பிடிக்க, கிளாஸ்கோ சென்ட்ரல் ஸ்டேஷன் வரை காரிலேயே கொண்டு வந்து விட்டாள். சுமார் 170 கிலோமீட்டர். கிளென்கோ பள்ளத்தாக்கு, ரானக் சதுப்பு நிலம், லோமண்ட் ஏரி... அப்பப்பா, கண் கொள்ளாது! பிள்ளைகள் இறங்கி இறங்கிப் படம் எடுத்தார்கள்.

"ஈ காக்கா இல்லாமல் எவ்வளவு அமைதி!" என்றேன். "இருந்தவங்களைத் துரத்திட்டாங்க, அக்கா" என்றாள் தங்கை. குடியானவர்கள் கொடுத்த குத்தகையைவிட செம்மறி ஆட்டில் லாபம் அதிகம் என்று, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்த மலைநாட்டு நிலச்சுவான்தார்கள் ஊர் ஊராகக் காலி செய்ய வைத்தார்களாம். "சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் பழங்கதை எதுக்கு?" என்றார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டு ஆல்பத்தைக் காட்டி, "சினிமாவில் வருமே, அதே இடம்" என்று பெருமை பேசுகிற நாம், அங்கே யார் குடியிருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

பிழைப்புத் தேடி கிளாஸ்கோ வந்த மலைநாட்டு ஜனங்கள், ஸ்டேஷனை ஒட்டிய ரயில் பாலத்தின் அடியில் மழைக்கு ஒதுங்கி, தங்கள் கேலிக் மொழியில் பேசிக்கொள்வார்களாம். 'மலைநாட்டுக்காரன் குடை' என்றுதான் இன்றும் அதற்குப் பெயர். ரயிலுக்கு அரை மணி இருந்தது. தங்கைக்கு அங்கே தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஆளில்லை. பெட்டிகளோடு அந்தப் பாலத்தடியில் நின்று இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தோம். மழையும் விடவில்லை.

- ஒரு வாசகி, ஈரோடு