வியப்பு வேறு, வடிவமைப்பு வேறு

வரைகலை வடிவமைப்பைப் பயிற்றுவிக்கும் இந்தியக் கல்விக்கூடங்கள் பலவற்றில் ஒரு சொல் பொருள் திரிந்து கிடக்கிறது. ‘படைப்பாற்றல்’ என்பதே அச்சொல். மரபுசாரா விளம்பரம் குறித்த பாடவேளையில், வழிப்போக்கரைத் திடுக்கிடச் செய்வது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொள்ளப்படுவதில்லை. இதனைச் சொற்குற்றம் என்று ஒதுக்கிவிட இயலாது. மாணவரின் உழைப்பை வீணாக்குவதும், பொதுவெளி என்பது விளம்பரதாரருக்கு உரிய வெற்றிடம் என்று அவரை நம்பவைப்பதும் இந்தத் திரிபுதான்.

வகுப்பறையில் நடப்பது இது: திரையில் வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. 2010 ஆம் ஆண்டு சூரிச் நகரில், பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோடுகளை உருளைக்கிழங்கு வறுவலாக்கி, அடியில் மெக்டொனால்ட்ஸ் பொட்டலத்தை வரைந்த படம் அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. மாணவர் வியக்கிறார்; அடுத்த வாரமே அதன் சாயலில் ஒன்றைச் செய்து கொண்டுவருகிறார். அக்கருத்து அங்கே ஏன் பலித்தது என்ற வினா மட்டும் எழுவதில்லை. சுவிட்சர்லாந்தில் கடவைக் கோடுகளின் நிறமே மஞ்சள். கோட்டில் ஒருவர் கால் வைத்தால் வாகனம் நிற்கிறது. கோடு இருப்பதையே ஓட்டுநர் பொருட்படுத்தாத ஓர் இந்தியச் சந்திப்பில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுபவர் காலடி ஓவியத்தை எப்போது பார்ப்பார்?

மரபுசாரா விளம்பரத்திற்கு இந்திய மண்ணிலிருந்தே பாடம் கற்க விரும்புவோர் 2013 ஆம் ஆண்டின் அலகாபாத் கும்பமேளாவை நோக்கலாம். அங்கிருந்த உணவகங்களில் பரிமாறப்பட்ட 25 லட்சம் ரொட்டிகளின் மீது, கை கழுவியாயிற்றா என்று லைஃப்பாய் சோப்பின் பெயரால் வினவும் இந்தி வாசகம் சூட்டு முத்திரையாகப் பதிக்கப்பட்டது. மை இல்லை, காகிதம் இல்லை, பலகை இல்லை. ரொட்டி வெந்த சூட்டில் பதிந்த எழுத்து, உண்டு முடித்ததும் மறைந்துபோயிற்று. அதன் திறம் எங்கிருந்து வந்தது? ரொட்டியைக் கையால் தொட்டுப் பிய்க்கும் அந்தக் கணத்தை ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். கை கழுவ வேண்டும் என்ற நினைவு எந்த நொடியில் பயன்படுமோ, அந்த நொடியில் வாசகம் கையிலேயே இருந்தது.

பிறர் உணவின் மீது வணிக முத்திரை குத்தலாமா, ஒரு புனித நீராடலுக்கு வந்தவர்களைச் சந்தையாகக் காணலாமா என்று கேட்பவரும் உண்டு. கேட்பது நியாயமே. ஆயினும் இவ்வினாக்கள் எழுந்து விவாதிக்கப்படும் வகுப்பே வடிவமைப்பு வகுப்பாகும். கைதட்டலோடு அடுத்த படத்திற்குத் தாவும் வகுப்பு வேடிக்கைக் கூடமன்றி வேறில்லை.

இந்நாட்டின் வடிவமைப்புக் கல்வி வினாக்களிலிருந்தே பிறந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958 இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, வீடுதோறும் புழங்கும் லோட்டாவை, அதாவது செம்பை, முன்னிறுத்தியது. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், யாருடைய கை அதனைப் பிடிக்கும், தலையில் சுமப்பதா இடுப்பில் சுமப்பதா, எப்படி ஊற்றும், எப்படித் துலக்குவது, என்ன விலையாகும் என்று அது அடுக்கிக்கொண்டே சென்றது. அவ்வறிக்கையின் வழியே 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. செம்பைப் பார்த்து இத்தனை கேட்கத் தெரிந்த மரபு, தெருவில் வைக்கும் ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒன்றும் கேளாமல் நிற்பது இரங்கத்தக்கது.

கேளாமையின் விளைவுகள் ஏட்டளவில் நிற்பதில்லை. 2013 இல் ஃபோர்டு ஃபிகோ காரின் பின்பெட்டி கொள்ளளவைக் காட்டுவதற்காக, கட்டுண்டு வாய் அடைக்கப்பட்ட பெண்களை அதில் கிடத்திய சித்திரங்கள் இணையத்தில் வெளியாயின. தில்லி பேருந்துக் கொடுமை நிகழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது; விளம்பர முகமையில் சிலர் பணி இழந்தனர். அவை எந்தத் தெருவிலும் ஒட்டுவதற்காக நிறுவனம் ஒப்புதல் அளித்த விளம்பரங்கள் அல்ல. ஸ்கேம் விளம்பரம் என்று துறையினரே பெயரிட்டு அழைக்கும் வகையைச் சேர்ந்தவை. பார்ப்பவரை மறந்து, சக படைப்பாளியின் பாராட்டையும் பரிசையும் மட்டுமே எண்ணும் மனம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அளவின் மூலம் திடுக்கிடச் செய்வதும் இதே நோயின் இன்னொரு முகம். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் சூறைக்காற்றில் பெட்ரோல் நிலையத்தின் மீது சாய்ந்த விளம்பரப் பலகை 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. 17 பேர் மாண்டனர். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலையில் வைத்திருந்த பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். இவற்றை வரைகலைஞர் நிறுத்தவில்லை என்பது மெய். ஆனால் தாம் வடிவமைப்பது எங்கே நிற்கும், எதில் கட்டப்படும், யார் அதன் கீழே நடப்பார் என்று கேட்கும் கடமையைக் கல்வி அவருக்குக் கற்பித்ததா?

வேலை தரும் நிறுவனங்கள் போர்ட்போலியோவில் மின்னும் கருத்துகளையே தேடுகின்றன, கட்டுப்பாடுகள் கற்பனையை முடக்கும் என்று ஆசிரியர் சிலர் மறுமொழி கூறுவர். முதற்கூற்று ஓரளவு உண்மை. இரண்டாவது முற்றிலும் பிழை. 1966 முதல் அமுல் சிறுமி தோன்றும் பலகைகளுக்கு ஒரே பாத்திரம், ஒரே பொருள், சில சொற்கள் என்ற கட்டுப்பாடு உண்டு. நாட்டு நடப்பை உடனுக்குடன் தொட்டுப் பேசியதால் அரை நூற்றாண்டு கடந்தும் அவை பழகிச் சலிக்கவில்லை. கட்டுப்பாடே அங்கு கற்பனைக்கு உரமாயிற்று.

ஆகவே பாடத்திட்டம் மூன்று வகையில் மாற வேண்டும். முதலாவது, கணினியைத் திறக்குமுன் மாணவர் ஓர் இடத்தில், அது சந்தையாயினும் பேருந்து நிலையமாயினும், பல நாள் நின்று, வருவோர் கையில் என்ன இருக்கிறது, கண் எங்கே போகிறது என்று குறிப்பெடுக்க வேண்டும். இரண்டாவது, சுவரிலும் கடைப் பலகையிலும் தூரிகையால் எழுதும் ஓவியரை ஆசிரியராக, உரிய ஊதியத்தோடு, வகுப்பிற்கு அழைக்க வேண்டும். ஃபிளெக்ஸ் அச்சு அவர்தம் பிழைப்பைப் பறித்துக்கொண்டிருக்கிறது. ஹனீஃப் குரேஷி தொடங்கிய ‘ஹேண்ட்பெயின்டெட் டைப்’ திட்டம் அத்தகையோரின் எழுத்துகளை அவரவர் பெயரிலேயே எழுத்துருவாக்கி, வருவாயிலும் பங்களித்தது. தனியொருவர் முனைந்து செய்ததைக் கல்வி நிறுவனங்கள் செய்யலாகாதா? மூன்றாவது, மதிப்பெண் வழங்குகையில் கருத்தின் புதுமையோடு அதன் அனுமதி, பாதுகாப்பு, அகற்றும் முறை, எஞ்சும் குப்பை ஆகியனவும் எடைபோடப்பட வேண்டும்.

விளம்பரம் யாருடைய கவனத்தையும் கேட்டு வாங்குவதில்லை, எடுத்துக்கொள்கிறது. எடுத்ததற்கு ஈடாக அந்த வழிப்போக்கருக்கு ஒரு நினைவூட்டலோ, ஒரு சிரிப்போ, ஒரு பயனோ கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாள் வகுப்பிலேயே கற்பிக்காத கல்விக்கூடம், வடிவமைப்பு என்ற பெயரைத் தன் வாயிற்பலகையிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை.