மேடை போடுகிறவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள்

போன ஆடி மாதம், எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் கூழ் ஊற்றிய அன்று சாயங்காலம், இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே இருக்கிற காலி இடத்தில் மைக் செட் போட்டேன். மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே சமுக்காளம் விரித்திருந்தார்கள். கரண்டுக்குக் கீழ்வீட்டு அக்கா தன் சமையலறை பிளக்கைக் கொடுத்தார். கிரைண்டர் ஓடினால் ஆம்ப்ளிஃபயர் படுத்துவிடும் என்று நான் சொன்னதற்காக, ஊறப்போட்ட அரிசியை அப்படியே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஓரத்தில் ஒரு பையன் பழைய பேப்பரைக் கொளுத்தி, அந்தத் தீயில் டேப் மேளத்தைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை காட்டிய பிறகும் விரலால் சுண்டிப் பார்ப்பான். சத்தம் 'தொப்'பிலிருந்து 'டங்'குக்கு ஏறும்வரை அவன் யாரிடமும் பேசவில்லை.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தானே எழுதிய கானாவைப் பாட வந்தாள். ஸ்கூலுக்குப் போகிற வழியில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளைப் பற்றிய பாட்டு. மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"கிட்ட வை கண்ணு. வாயில படுற மாரி வை."

"கூவாதாண்ணா?"

"கூவாது. நான் பாத்துக்கிறேன், நீ பாடு."

பாடினாள். மாடிப்படிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று கேட்டார்கள்.

அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவன் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வயது 24. கிட்டார் வாசிப்பான். ஆனால் அன்றைக்கு அவன் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்கு 50 ரூபாய் என்று வசூல் செய்தது, டோலக்காரரைத் திருவொற்றியூரிலிருந்து பைக்கில் கூட்டிவந்தது, குடித்துவிட்டு வந்த இரண்டு பேரைத் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனது, பாடி முடித்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவன்தான். இந்தக் கட்டுரையை அவனைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் 27 வருடமாக இந்தப் பகுதியில் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். வட சென்னையில் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. தீப்பெட்டி ஒன்று இருந்தால் போதும், தாளம் போட்டுக்கொண்டே பாட ஆரம்பித்துவிடுவார்கள் எங்கள் ஆட்கள். அந்தத் தீப்பெட்டியைச் செய்ததும் எங்கள் ஊர்தான். இன்று மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயராக இருக்கிற விம்கோ, ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். என் அப்பா அங்கே வேலை பார்த்தவர். சாவு வீடுகளில் விடிய விடிய மரண கானா பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சத்தத்தை ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொண்டேன். பாட்டு இருந்தது, தாளம் இருந்தது. சாவுக்கும் திருவிழாவுக்கும் வெளியே, பாட்டை மட்டும் கேட்பதற்கென்று ஜனங்கள் கூடுகிற இடம் எங்களுக்கு இருக்கவில்லை.

2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. நான் வேலைக்காகப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். 19 பேர் கொண்ட குழு. எங்கள் பக்கத்துக் கானாப் பாடகர்கள் கோட்டு சூட்டுப் போட்டு நின்றார்கள். பறையும் சட்டியும் டோலக்கும் ஒரு பக்கம், டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் இன்னொரு பக்கம். என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும். பறையையும் டிரம் செட்டையும் ஒரே மேடையில் வைத்தால் ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் ஏறும். இரண்டுக்கும் நடுவில் பாடகரின் சொல் அமுங்கிப் போகும். சொல் போனால் கானா இல்லை. அன்றைக்குச் சொல் கேட்டது. சாதியைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி அவர்கள் பாடிய வார்த்தைகள் மைதானத்தின் கடைசி வரை கேட்டன. நான் போய் நின்ற இடமே கடைசி வரிசைதான்.

அந்தக் குழுவை உருவாக்கியவர் என்று இயக்குநர் பா. ரஞ்சித்தை எல்லோருக்கும் தெரியும். குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனையிலிருந்து வந்தது என்பதும் பலருக்குத் தெரியும். ரஞ்சித்தோடு சேர்ந்து, பாடகர்களைத் தேடிப்பிடித்து, இசையமைத்து, 19 பேரை ஒரு குழுவாக நிறுத்தியவர் தென்மா. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கபேர் வாசுகியோடு 'குரங்கன்' குழுவில் இருந்தவர். சினிமாவைச் சாராத இசைக்காரர்களுக்காக 'மெட்ராஸ் மேடை' என்ற பெயரில் ஆள் திரட்டியவர், 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' நடத்தியவர். பிறகு 2019இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' என்று சினிமாவுக்கும் இசையமைத்தார். ஆனால் என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் பெரிய வேலை அந்தப் படங்கள் இல்லை. தன் பாட்டைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்தவர் பாடுவதற்கு மேடை போட்டார், அதுதான் பெரிய வேலை.

அந்த மேடையிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள். 19 பேரில் ஒரே பெண்ணாக நின்ற இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களின் பாட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்த கானாவில் ஒரு பெண். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு இன்று உலகம் அறிந்த பெயர். 2020 டிசம்பரில் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. எங்கள் குடியிருப்பில் மைக்கைத் தள்ளிப் பிடித்த அந்தப் பெண்ணிடம், யாரைப் பார்த்துப் பாட வந்தாய் என்று கேட்டேன். "இசைவாணி அக்கா" என்றாள்.

எங்களைப் பற்றியே வந்த இன்னொரு பாட்டையும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி வெளியான புறம்போக்குப் பாடல், எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக ராகத்தில் சென்னைத் தமிழைக் கேட்டபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அதே மாதம் 28ஆம் தேதி இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய்க் கசடு எங்கள் எர்ணாவூர்க் கரையில் வந்து அப்பிக்கொண்டது. பையன்கள் பக்கெட்டில் அள்ளினார்கள், நானும் அள்ளினேன். அந்தப் பாட்டு உலகமெல்லாம் போனது. நாங்கள் அதைக் கைபேசியில்தான் கேட்டோம். எங்கள் ஊரைப் பற்றிய பாட்டை எங்கள் ஊரில் நின்று பாடக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.

தன் மேடையைத் தானே போட்டுக்கொள்கிறவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. டிரம் வாடகைக்கு எடுக்க வந்த ஒரு பையன்தான் பங்க் என்கிற இசையைப் பற்றி எனக்குச் சொன்னான். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது. பெரிய வித்தை வேண்டாம், கிட்டாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும், யாரும் வாய்ப்புக் கொடுக்கக் காத்திருக்காதே, உன் கச்சேரியை நீயே நடத்து என்பது அதன் கொள்கை. அதில் ஒருவர் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வாஷிங்டன் நகரத்துக்காரர் இயன் மக்கே. 1980இல் ஜெஃப் நெல்சன் என்ற நண்பரோடு சேர்ந்து 'டிஸ்கார்ட்' என்று சொந்தமாக ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பித்தார். முதல் ரெக்கார்டுக்கு உறையைக் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். தன் ஊர்க் குழுக்களின் பாட்டைத்தான் வெளியிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் தொடங்கிய 'ஃபுகாசி' குழுவின் கச்சேரிக்குப் பல வருடம் டிக்கெட் விலை ஐந்து டாலர்தான். எந்த வயதுப் பிள்ளையும் உள்ளே வரலாம். கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்துத் தள்ளி அடாவடி செய்தால் பாட்டை நிறுத்திவிடுவாராம். அந்த ஆளைக் கூப்பிட்டு, அவன் கொடுத்த ஐந்து டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்களாம்.

அந்த உறை என் மனதில் தங்கிவிட்டது. ஏனென்றால் எங்கள் பக்கம் ஒரு குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இன்றைக்குக் கானா என்ற பெயரில் பட்டாக்கத்தியைத் தூக்கிப் பிடித்துப் பாடுகிறார்கள். பெண்களை, சின்னப் பிள்ளைகளைக்கூட, கேவலமாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரிப் பாட்டுக்கு நானே மைக்கை அணைத்திருக்கிறேன், அதற்காக ஓர் இரவு என் ஸ்பீக்கரைக் கிழித்தும் விட்டார்கள். இதைக் காரணம் காட்டித்தான் எங்களுக்கு அனுமதி மறுக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கேமராவும் கைபேசியும் வைத்துத் தனியாகப் பாடுகிறவனை யார் தட்டிக் கேட்பது? எதிரே அம்மாவும் தங்கையும் உட்கார்ந்திருக்கிற மேடையில் அப்படிப் பாட வாய் வராது. வந்தாலும், நிகழ்ச்சியை நடத்துகிறவன் இறங்கச் சொல்வான். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் எங்கள் பாடகர்கள் பாடியதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். நல்ல மேடை பாட்டையும் நல்லதாக்கும்.

அனுமதி வாங்குகிற கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கிட்டார் பையனோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். கானா நிகழ்ச்சி என்று மனுவில் எழுதியிருந்தோம். "கானாவா? சண்டை வரும், போங்க" என்றார்கள். 'பக்திப் பாடல்கள்' என்று மாற்றி எழுதி இன்னொரு நாள் போனோம், கிடைத்தது. அந்தப் பையன் வெளியே வந்து, "எதுக்குண்ணா பொய் சொல்லணும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சரியான விதி. பச்சைக் குழந்தையும் படிக்கிற பிள்ளையும் எங்கள் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் அதே விதிகளில், கலை, சமய விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஷிப்டு முடிந்து எட்டு மணிக்கு வீடு வருகிற ஊர் இது. ஒன்பது மணிக்குத்தான் கூட்டமே சேரும். அந்த 15 நாளில் இரண்டே இரண்டு நாளை வட சென்னையின் இசைக்கென்று அரசு ஒதுக்கக் கூடாதா?

தெற்கே மியூசிக் அகாடமி இருக்கிறதே, அதுவும் தானாக முளைத்தது இல்லை. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் சில பேர் உட்கார்ந்து தீர்மானம் போட்டு, 1928இல் தொடங்கினார்கள். மார்கழி சீசன் என்று இன்று ஊரே கொண்டாடுவது, அன்று நாற்காலி போட்டவர்களின் உழைப்பில் வளர்ந்தது. 2007இல் வந்த சென்னை சங்கமம் பூங்காவுக்கும் தெருவுக்கும் கலையைக் கொண்டுவந்தது. நின்றுபோய் 2023இல் திரும்பவும் தொடங்கியதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் அது பொங்கலோடு முடிந்துவிடும், மேடையைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு வேண்டியது கழற்றாத மேடை.

மாநகராட்சிக்கு நான் கேட்பது பெரிய அரங்கம் இல்லை. திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிற ஒரு விளையாட்டுத் திடலின் ஓரத்தில், இருபதுக்கு முப்பது அடியில் சிமென்ட் மேடை. மேலே மழைக்கு ஒரு கூரை. ஒழுங்கான எர்த்தோடு ஒரு த்ரீ ஃபேஸ் கரண்டு இணைப்பு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எர்த் இல்லாத கரண்டில் மைக்கைத் தொட்டு ஷாக் அடித்து விழுந்த பாடகரைத் தூக்கியிருக்கிறேன். பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அது இல்லாமல் பாட வருகிற பெண்ணும் கேட்க வருகிற பெண்ணும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். இடத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்க, மண்டல அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் 'கானா' என்று எழுதினால் கானா என்றே படிக்க ஓர் ஆள்.

அந்தக் கிட்டார் பையன் இதற்கு மனு எழுதி, குடியிருப்பில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். கிரைண்டரை நிறுத்திய அக்காவின் கையெழுத்துதான் முதல் கையெழுத்து. மேடை வருகிற வருடம், இசைக்கென்று அரசு ஒதுக்குகிற அந்த இரண்டு ராத்திரிக்கும் என் கடையிலிருந்து நான்கு பாக்ஸ், எட்டு மைக், ஒரு மிக்சர் வரும். வாடகை வேண்டாம்.